ஆடிக் காற்றில் கட்டிக் கிடக்கும் தோணி

அருப்புக்கோட்டைக்காரனுக்குக் கப்பலைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று கேட்க நினைப்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். நானே அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டுப் பார்த்து, திருப்தியான பதில் எதுவும் கிடைக்காமல், இருந்தாலும் எழுதித்தான் தீர்வது என்ற முடிவுக்கு வந்தவன். எங்கள் வட்டாரத்தில் நீர்நிலை என்று வருவாய்த்துறைக் கணக்கில் பதிவாகியிருக்கும் எத்தனையோ கண்மாய்கள், வருஷத்தில் பெரும்பாகம் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதற்கே உபயோகப்படுகின்றன. திருச்சுழியில் குண்டாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அதைத் தரிசிப்பதற்கென்றே பாலத்தின்மேல் கூட்டம் கூடி, செல்போனில் படம் பிடித்து, வெளியூரிலிருக்கும் உறவினர்களுக்கெல்லாம் அனுப்பி, "எந்த ஊரு இது?" என்று அவர்கள் கேட்பதில் ஓர் ஆனந்தம் அடைகிறது.

அப்படிப்பட்ட பிரதேசத்தில் உட்கார்ந்துகொண்டு படகு வாசத்தைப் பற்றி எழுதத் தூண்டியது என்ன?

கோபம்தான்.

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன், கொஞ்ச காலமாகவே வேலையை விட்டுவிட்டுப் பாய்மரப் படகு ஒன்று வாங்கி அதிலேயே குடித்தனம் நடத்தப்போவதாகச் சொல்லிக்கொண்டு, அதற்கு ஆதாரமாக எனக்கு வீடியோக்களை அனுப்பி வருகிறான். (அவன் அம்மாவிடம் சொல்லும் தைரியம் இல்லாதவற்றையெல்லாம் தாய்மாமனிடம் சொல்வது எங்கள் குடும்பத்தில் பரம்பரை வழக்கம், நானும் என் மாமாவை அப்படித்தான் படுத்தியிருக்கிறேன்.) கடைசியாக வந்த வீடியோவில், வட ஐரோப்பாவைச் சேர்ந்த ஒரு தம்பதி, கோடை முழுதும் மத்தியதரைக் கடலில் பாய் விரித்துச் சுற்றிவிட்டு, குளிர் தலைகாட்டியதும் துருக்கியின் தென்மேற்குக் கரையிலுள்ள மர்மாரிஸ் என்னும் துறைமுகத்தில் படகைக் கட்டிப் போட்டு, வசந்தம் வரும்வரை அதற்குள்ளேயே வசிப்பதாகக் காட்டினார்கள்.

"மாமா, இதப் பாருங்க. வாடகை கெடையாது, கரண்டு பில்லு கெடையாது. காத்து ஓசி, வெயிலு ஓசி. இதான் மாமா வாழ்க்கை."

நான் பார்த்தேன். காலையில் அந்த அம்மாள் காப்பி குடித்தாள். மாலையில் அந்த மனிதர் சூரியாஸ்தமனத்தைப் பார்த்தார். நடுவில் ஒரு பூனை தூங்கியது. இருபது நிமிஷ வீடியோவில் இதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

அவர்கள் சந்தோஷமாக இருப்பதில் எனக்கு எந்த ஆக்ஷேபமும் இல்லை. ஆனால் வறண்ட பூமியில் பிறந்து வளர்ந்தவனுக்கு எந்த வீட்டைப் பார்த்தாலும் முதலில் தோன்றும் கேள்விகள் இரண்டே: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது? இந்த இரண்டுக்கும் அந்த வீடியோவில் ஒரு வார்த்தை பதில் இல்லை. பதில் சொல்லாமல் மறைக்கப்படும் விஷயம் எதுவாயினும் அதைத் தோண்டிப் பார்ப்பது என் சுபாவம் (மனைவியின் அபிப்பிராயத்தில் இது சுபாவமல்ல, வியாதி). ஆகவே தோண்டினேன்.

மர்மாரிஸிலும் சிசிலித் தீவின் துறைமுகங்களிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் படகுக்காரர்கள் உண்மையிலேயே ஏராளம். அங்கே குளிர்காலமென்பது ஏறக்குறைய நம் கொடைக்கானல் சீதோஷ்ணம். பனி கொட்டாது, மழை கொட்டும். அந்த மழையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருவர் மூச்சுவிட்டு, சமைத்து, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தால் அவ்வளவு ஈரமும் குளிர்ந்த சுவரில் பட்டு வியர்த்து வழிந்து, மெத்தையின் அடியில் பூஞ்சைக் காளான் பூக்கிறது. கழிவறைக்குக் கைப்பம்பு, கழிவு போய்ச் சேர்வது படுக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு தொட்டியில், துறைமுகத்துக்குள் அதைக் கடலில் திறந்துவிடக் கூடாதாகையால், நிரம்பினால் உறிஞ்சி எடுக்கும் இடத்துக்குப் படகையே ஓட்டிக்கொண்டு போகவேண்டும். (செப்டிக் டாங்க் லாரிக்குப் போன் செய்து காத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள், லாரி வீடு தேடி வருகிறது. அங்கே வீடு லாரியைத் தேடிப் போகிறது.) அடிப்பாகத்தில் கொட்டலசு பிடிக்கும். பாட்டரி இறங்கும். ராத்திரி காற்று எழும்பினால் பக்கத்துப் படகின் கயிறுகள் பாய்மரத்தில் அடித்து அடித்துத் தூக்கம் கெடும்.

தண்ணீர் விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடல்நீரிலிருந்து நன்னீர் எடுக்கும் யந்திரம் இப்போது சிறிய படகுகளிலும் உண்டு. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள நீரை ஒரு மெல்லிய சவ்வின் வழியாக அமுக்கி உப்பை இந்தப் பக்கமே நிறுத்த, 55 முதல் 60 பார் வரை அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். எங்கள் தெருக் குழாயின் அழுத்தத்தோடு இதை ஒப்பிட்டுச் சொல்லலாமென்று பார்த்தேன். பூஜ்யத்தால் வகுப்பது கணித சாஸ்திரத்தில் அநுமதிக்கப்படவில்லை. ஆனால் இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. துறைமுகத்து நீரில் எண்ணெய் படர்ந்திருக்குமாகையால், அந்த யந்திரத்தை அங்கே ஓட்டினால் சவ்வு பாழாகிவிடும். ஆகவே கட்டிக் கிடக்கும் மாதங்களில் படகுக்காரன் கடலின்மேலேயே மிதந்துகொண்டு, கரைக் குழாயிலிருந்து ரப்பர் ஹோஸ் இழுத்துத் தண்ணீர் பிடிக்கிறான்.

குழாயடி! உலகம் எங்கே போனாலும் குழாயடிக்குத்தான் வந்து சேர்கிறது.

நன்னீர்த் தொட்டி 400 லிட்டர் என்றும், வெளிக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும்போது அதை இருவர் மூன்று வாரம் ஓட்டுவதாகவும் இன்னொரு வீடியோவில் அந்தத் தம்பதியே சொன்னார்கள். கணக்குப் போட்டேன். நாளொன்றுக்கு இருவருக்கும் சேர்த்து ஒரு குடத்துக்குச் சற்றுமேல். இதை நம் வீட்டிலேயே பரீக்ஷித்துப் பார்த்துவிடலாமே என்று தோன்றி, சின்டெக்ஸ் டாங்கியின் வால்வை மூடிவிட்டு, அடுக்களையில் ஒரு குடத்தையும் ஒரு சொம்பையும் வைத்து, "இன்றிலிருந்து நாம் கப்பலில் இருக்கிறோம்" என்று அறிவித்தேன்.

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, இதக் கத்துக்கிற இங்கிலீஷ்காரன் வேணுமா? உங்க அம்மாச்சி இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க."

அது வாஸ்தவமே. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இருந்த என் அம்மாச்சி, ஊருணியிலிருந்து இடுப்பிலும் தலையிலுமாகக் கொண்டுவந்த கலங்கல் நீரை, பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்துத் தெளியவைத்து, மேல்நீரைக் குடிக்கவும், நடுநீரைச் சமைக்கவும், அடிவண்டலைச் செடிக்கும் என்று பிரித்து, அரிசி களைந்த கழனித்தண்ணீரை மாட்டுக்கும், பாத்திரம் கழுவியதைச் சுரைக்கொடிக்கும் விட்டு, குளிக்கும் கல்லைச் சாய்வாகப் போட்டு அந்த நீரும் வேலியோரத்து முருங்கைக்குப் போய்ச் சேரும்படி செய்து, ஒரு சொட்டுக்கூடக் கணக்கில் வராமல் கழியாதபடி ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தினாள். கடலையே பார்த்திராத அந்தக் கிழவி நடத்தியது பாய்க்கப்பல் அல்லாமல் வேறென்ன? தரையிலே கட்டிப் போட்ட கப்பல், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் பரிசோதனை என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? மதுரையிலிருந்து உறவினர்கள் முன்னறிவிப்பின்றி வந்து இறங்கினார்கள். வால்வு திறக்கப்பட்டது. (படகுக்காரர்களும் கடலலையைக் காட்டிலும் விருந்தாளிக்கே அதிகம் அஞ்சுகிறார்களென்று பின்னால் தெரிந்துகொண்டேன். கரையிலிருந்து வருகிறவன் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்ப்பானாம்.)

இதற்குள் எனக்கு இன்னொரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. துருக்கிக்காரன் துறைமுகத்தைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறோமே, நம் நாட்டில் பாய்க்கப்பல்கள் பருவம் பார்த்துக் கட்டிக் கிடப்பது கிடையாதா? உண்டு, அதுவும் நான்குவழிச் சாலையில் பந்தல்குடி, எட்டயபுரம் தாண்டினால், எண்பது கிலோமீட்டர் சொச்சத்தில், தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலேயே உண்டு. 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, இப்போது வ.உ.சி. பெயரைத் தாங்கி நிற்கும் புதிய துறைமுகத்தில் கொள்கலக் கப்பல்கள் வந்து போகின்றன. பழைய துறைமுகம் தோணிகளுக்குரியது. மரத்தினால் ஆன தோணிகள். நூறு டன்னுக்குக் குறையாமல், பெரியதாயின் முந்நூறு டன்வரை சரக்கேற்றுபவை. முன்காலத்தில் பாய் ஒன்றையே நம்பிக் கொழும்புக்கும் மலையாளக் கரைக்கும் ஓடியவை, பின்னால் எஞ்சின் பொருத்திக்கொண்டு, பாயைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மாலத்தீவுக்கு ஓடுகின்றன. அவற்றின் நூற்றாண்டுச் சரித்திரத்தை ஆர்.என். ஜோ டி குரூஸ் 'கொற்கை' என்ற நாவலாக எழுதி, 2013-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். பருமனான புஸ்தகம். எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. ஆனால் தூத்துக்குடிக்குப் போகுமுன் அதைப் படிக்காதவன், மக்ரூன் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பவேண்டியதுதான்.

சரக்கு ஏஜெண்டாக இருக்கும் ஓர் உறவினர் தயவில் அநுமதி வாங்கி, ஆடி மாசத்தில் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

ஆடி மாசமென்று ஏன் குறிப்பாகச் சொல்கிறேனென்றால், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தோணிகள் வெளிக்கடலுக்குப் போவதில்லை. மேற்கத்தியானின் படகைக் குளிர் கட்டிப் போடுகிறது. நம் தோணியைக் காற்று கட்டிப் போடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் வழிவிட, மலைக்கு மேற்கே மழையை இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு இந்தப் பக்கம் பாய்ந்து வரும் அந்தக் காற்று, எங்கள் அருப்புக்கோட்டையில் புழுதியை வாரித் தறிக்குடோன்களுக்குள்ளும் சோற்றுத் தட்டுக்குள்ளும் கொட்டிவிட்டு, கடற்கரையில் கச்சான் என்ற பெயரைத் தரித்துக்கொண்டு, குமரிமுனைக்கு அப்பால் கடலைப் பொங்கவைக்கிறது. அதே மாதங்களில்தான் எங்கள் கரிசல் காடும் மானாவாரி சம்சாரியும் வேலையின்றி இருப்பதாக ஊர் சொல்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் விதைக்க எங்களுக்கு மழை கிடையாது. தோணியும் நிலமும் ஒரே காற்றினால் ஒரே சமயத்தில் கட்டுண்டு கிடக்கின்றனவென்பது, இத்தனை வயதுக்குப் பிறகு எனக்குத் தெரியவந்த விஷயம்.

நான் பார்க்கப் போன தோணியில் ஆட்கள் பெரும்பாலோர் ஊருக்குப் போயிருந்தார்கள். பழைய தண்டல் ஒருவர் (தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள்) காவலுக்கென்று தங்கியிருந்தார். வயசு எழுபதுக்குமேல் இருக்கும். அமரத்துப் பக்கம் நிழலுக்குத் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, ஒரு நீல டிரம், ஒரு ரேடியோ. குடித்தனம் அவ்வளவே.

பேச்சை ஆரம்பிக்க வேண்டுமே என்று, "என்ன அண்ணாச்சி, தோணி சும்மா கெடக்கு போல?" என்றேன்.

"சும்மா கெடந்தா செத்துப்போவும்லா," என்றார் அவர், என்னைப் பார்க்காமலே.

அன்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவரோடு இருந்து பார்த்ததில், செத்துப்போகாமல் காப்பாற்றுவதென்பது என்னவென்று விளங்கிற்று. விடிந்தும் விடியாததுமாக, கயிறு கட்டிய வாளியைக் கடலில் விட்டு மொண்டு, மேல்தளத்துப் பலகை முழுவதிலும் உப்புத் தண்ணீரை வீசி வீசி ஊற்றுகிறார். வெயில் ஏறினால் மறுபடி. சாயங்காலம் மறுபடி. பலகை காய்ந்து சுருங்கினால் இணைப்புகள் வாய் பிளந்துவிடும். பிறகு தோணி சரக்கேற்றித் தண்ணீரில் தாழ்ந்து நிற்கும் நாளில் கடல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்தபடி, அடித்தட்டில் ஊறியிருக்கும் நீரைப் பம்பு வைத்து இறைக்கிறார். இறைத்துவிட்டுச் சும்மா வருவதில்லை. எவ்வளவு ஊறியிருந்தது என்று குச்சியால் அளந்து பார்த்து, நேற்றைக்கு அதிகமா குறைவா என்று மனசில் குறித்துக்கொள்கிறார். பிறகு கயிறுகள். அலையில் தோணி அசைய அசைய, கட்டியிருக்கும் வடம் உராய்ந்து தேய்கிற இடத்தில் பழந்துணியைச் சுற்றுகிறார். நேற்றுத் தேய்ந்த இடம் இன்றைக்கும் தேயாதபடி கொஞ்சம் இழுத்துவிட்டு வேறு இடத்தை உராய்வுக்குக் கொடுக்கிறார்.

நடுவே சமையலும் உண்டு. சாளை மீன் குழம்பு வைத்தார். டிரம்மிலிருந்த நன்னீரை அவர் தொட்டது உலைக்கும் குடிக்கவும் மட்டுமே. மீன் கழுவுவது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் கடல்நீரில் செய்து, கடைசியாக ஒரு கை நன்னீர் தெளித்து முடித்துவிடுகிறார். அந்த ஒரு கை நீரை அவர் தெளித்த விதத்தை அம்மாச்சி பார்த்திருந்தால், தன் சாதி ஜனம் என்று சொல்லியிருப்பாள்.

நான் எங்கள் ஊர்ப் பழக்கத்தில், "ஒரு மழை பெஞ்சா ஒங்களுக்கு எவ்வளவு சௌகரியம்! தளம் நனைக்கிற வேலை மிச்சம், குடிக்கவும் பிடிச்சுக்கலாம்," என்றேன்.

அவர் அன்றைக்கு முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"மழத்தண்ணி மரத்துக்கு வெஷம் அண்ணாச்சி. உப்புத்தண்ணி மரத்தக் காக்கும். மழ பெஞ்சி நல்லதண்ணி உள்ள எறங்கிட்டுன்னா, பலக மக்கிப்போவும். மழ நின்னதும் நாங்க மொத வேலையா உப்புத்தண்ணி ஊத்தித்தான் கழுவுவோம்."

இதைக் கேட்டு நான் ஸ்தம்பித்துப் போனேன் என்று சொன்னால் அது மிகையல்ல. மழை என்பது யாருக்கேனும் தீங்கு செய்யக்கூடும், உப்புத் தண்ணீர் என்பது யாருக்கேனும் ரக்ஷையாக இருக்கக்கூடும் என்ற இரண்டுமே எங்கள் பிராந்தியத்தில் கற்பனைக்கெட்டாத விஷயங்கள். போர் போட்டுப் பாதாளம்வரை இறங்கி, கடைசியில் வாயில் வைக்கமுடியாத உப்புத் தண்ணீரைக் கண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அவர்களிடம் போய், "கவலைப்படாதீர்கள், தோணி வாங்குங்கள்" என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

பிற்பகலில் கலப்பத்து ஆசாரி வந்தார். பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள சந்தில் பஞ்சுத் திரியை வைத்து, உளியைப் போன்ற மழுங்கலான இரும்பினால் அழுத்தி, மரச்சுத்தியால் அடித்து உள்ளே இறக்குவதற்குத்தான் கலப்பத்து என்று பெயர். அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசிவிட்டால் நீர் நுழையாது. நான் அருகே உட்கார்ந்து பார்த்தேன். அவர் கண் வேலையில் இல்லை. தெருவில் போகிறவனை வேடிக்கை பார்க்கும் தோரணையில் எங்கேயோ பார்த்துக்கொண்டே அடிக்கிறார். காதால் வேலை செய்கிறார். திரி தளர்ச்சியாக இருக்கும்வரை 'தொப், தொப்' என்று மந்தமாக விழும் ஓசை, இறுகியதும் 'டிங்' என்று கணீரென மாறுகிறது. மாறிய அந்தக்ஷணமே அடுத்த சாணுக்கு நகர்ந்துவிடுகிறார். இன்னும் ஓர் அடி அதிகமாகப் போட்டால் பலகை விரியும், குறைத்தால் கசியும். அந்தப் பஞ்சு அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் பஞ்சாகத்தான் இருக்கவேண்டுமென்று நான் வாதாடினேன். ஆதாரம் எதுவும் இல்லை. ஊர்ப்பற்று ஒன்றே ஆதாரம். ஆசாரி மறுக்கவில்லை. "இருக்கும் இருக்கும்" என்றார், குழந்தையைச் சமாதானப்படுத்தும் குரலில்.

இவ்வளவையும் படம் பிடித்து மருமகனுக்கு அனுப்பினேன். "மாமா, இது வேற, அது வேற" என்று பதில் போட்டான்.

வேறா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் கடற்படையைச் சேர்ந்த புதுச்சேரிப் பெண் லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமியும், கேரளத்துத் தில்னாவும், பதினேழு மீட்டர் நீளமுள்ள 'தாரிணி' என்ற பாய்ப்படகில் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, இருவராகவே உலகைச் சுற்றிக்கொண்டு 2025 மே மாதக் கடைசியில் திரும்பினார்கள். வழியில் ஃப்ரீமான்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நாலு துறைமுகங்களில் நின்றார்கள். நின்ற இடங்களில் படகைப் பழுதுபார்ப்பதும் பண்டம் ஏற்றுவதும்தான் பிரதான வேலை. அதற்கு வெகுகாலம் முன்பே, இலங்கையின் வல்வெட்டித்துறையில் தமிழ் ஆசாரிகள் கட்டிய 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டி, அவ்வூர் மாலுமிகளே செலுத்த, 1938-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்து குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த கதையும் உண்டு. வேட்டி கட்டிய தண்டல்கள் அட்லாண்டிக்கைத் தாண்டினார்கள் என்பதை நாம் பாடப் புஸ்தகத்தில் ஏன் வைக்கவில்லையென்று எனக்கு அவ்வப்போது வருத்தம் வரும்.

(கப்பல் விஷயத்தில் திருச்சுழியையும் அப்படியொன்றும் இளக்காரமாக எண்ணிவிடக் கூடாது. ஊழிக்காலத்து வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் பூமியைத் துளைத்துப் பாதாளத்துக்குள் இறக்கிவிட்டார் என்று அவ்வூர்த் தலபுராணம் சொல்கிறது. இறங்கியது இறங்கியதுதான், இன்றுவரை மேலே வரவில்லை என்று சம்சாரிகள் குறைப்பட்டுக்கொள்வார்கள். ஆனால் 1879-ல் அங்கே பிறந்து பிற்காலத்தில் ரமண மகரிஷியான சிறுவன் வேங்கடராமன், ஆறு வயசில், வக்கீலான தகப்பனாரின் பழைய வழக்குக் கட்டுகளை எடுத்துக் காகிதக் கப்பல்கள் செய்து குளத்தில் விட்டு, அவர் கோபித்துக்கொள்ளவே, வீட்டைவிட்டு மறைந்து, கடைசியில் கோயிலில் சகாயவல்லி அம்மன் சிலைக்குப் பின்னால் கண்டுபிடிக்கப்பட்டானென்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். திருச்சுழியிலிருந்து புறப்பட்டதாகச் சரித்திரத்தில் பதிவான கப்பல்கள் எனக்குத் தெரிந்து அவை மாத்திரமே. குளத்தில் அந்த வருஷம் தண்ணீர் இருந்திருக்கிறது!)

பொழுது சாயும் நேரத்தில் தண்டல் ரேடியோவைத் திருகிக் கடல் நிலவரம் கேட்டார். அப்போது எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்து, அவரிடம் சொன்னேன். ஐப்பசி, கார்த்திகையில் ரேடியோச் செய்தியில், "தூத்துக்குடித் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று வாசித்தவுடன், எங்கள் வீட்டில் அப்பா எழுந்து வந்து வாசலில் நின்று கிழக்கே பார்ப்பார்; பக்கத்து வீட்டுச் சம்சாரி, "கூண்டு ஏத்திட்டானாம்லப்பா!" என்று சந்தோஷமாகக் கூவுவார், மல்லியும் உளுந்தும் பருத்தியும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் முழுவதற்கும் அது சுபச் செய்தி. கூண்டின் எண் ஏற ஏற எங்களுக்கு உற்சாகம் ஏறும். பதினொன்றுவரை எண்கள் உண்டென்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னபோது, பதினொன்று ஏற்றினால் கண்மாய் நிரம்பிவிடும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

தண்டல் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்தக் கூண்டுக்கு நாங்க வெளிய நின்னுருக்கோம்," என்றார். எந்த வருஷம், எங்கே என்றெல்லாம் கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்.

ஆவணி கழிந்தால் அவர்களுக்கு வேலை. தோணியின் அடிப்பாகத்தைச் சுரண்டிக் கொட்டலசை நீக்கி, பூச்சுப் பூசி, அதிகாரிகள் வந்து பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்தபின், மாலத்தீவுக்குக் காய்கறி, வெங்காயம், செங்கல், சிமெண்டு, கருங்கல் ஜல்லி எல்லாம் ஏற்றுவார்கள். பவளப் பாறைத் தீவுகளாதலால் அங்கே கல்லுக்கும் மண்ணுக்கும்கூடப் பஞ்சம். ஏழுநூறு கிலோமீட்டர் சுமாருக்கு மூன்று நாள் ஓட்டம். எங்கள் பக்கத்தில் சம்சாரிகள் விதைப்பெட்டியைத் தூசி தட்டி எடுப்பதும் அந்த வாரங்களிலேதான்.

நான் விடைபெறும்போது, அதுவரை என்னிடம் எதையும் கேட்காதவர், "அருப்புக்கோட்ட, திருச்சுழிப் பக்கம் நாட்டுக் கருவேலம் கெடக்காமா?" என்று கேட்டார். தோணியின் விலா எலும்புகளுக்கு அந்த மரந்தான் உகந்ததாம். அதுவும் நேராக வளர்ந்த மரம் உதவாது. அறுத்து வளைத்தால் நார் அறுந்து பலம் போய்விடும். இயற்கையிலேயே வில்லாக வளைந்து வளர்ந்த கிளையாக இருக்கவேண்டும். அந்த வளைவைத் தன் இரண்டு கைகளாலும் காற்றில் வரைந்து காட்டி, "இப்பிடி. நெஞ்சு ஒசரத்துல இந்த வளவு இருக்கணும்" என்றார்.

ஊர் திரும்பியபின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கண்மாயாகப் பார்த்துவருகிறேன். முக்கால்வாசி சீமைக் கருவேலந்தான். அது மூட்டம் போட்டுக் கரி சுடுவதற்குத்தான் ஆகும். ஆனால் திருச்சுழிக்குப் போகும் வழியில் ஒரு கண்மாயின் உள்வாயில், பழைய நாட்டுக் கருவேலங்கள் கொஞ்சம் நிற்கின்றன. அவற்றில் இரண்டு, அண்ணாச்சி காற்றில் வரைந்த அதே வளைவில் இருக்கின்றன. போட்டோ எடுத்து அனுப்பிவைத்தேன். அரசாங்கத்து மரம், ஏலத்தில்தான் எடுக்கவேண்டும். ஏலம் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.